கீழ் இடது மூலை

சுவா, மார்ச் 4

மச்சான் கமினியெலிக்கு,

எட்டாவது வீடியோ பாடத்தில் நீ எதையோ மறைத்திருக்கிறாய். நேற்று அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதச் சொல்கிறேன். சொல்வது நான், எழுதுவது என் கடை எழுத்தர் வசெமாதா. கண் அறுவைக்குப் பிறகு புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. வரும் கடிதங்களையும் அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள்.

எழுத்துதான் எனக்கு மங்கல். அசைவு நன்றாகத் தெரிகிறது. என் கடையின் ஆர்டர் பக்கம் முதலில் முழுதாக வருகிறது. பிறகு அரிசி வரிக்குப் படம் நெருங்குகிறது, எழுத்து பெரிதாகிறது. நல்லது. ஆர்டர் போடக் கற்கும் கிராமத்துக் கடைக்காரி கைப்பேசியில் பார்ப்பவள், அவளுக்கு எழுத்து எறும்பாகத் தெரியக் கூடாது என்றுதான் உன்னிடம் இந்த வேலையைக் கொடுத்தேன். அரிசியிலிருந்து ‘ஆர்டர் அனுப்பு’ பொத்தானுக்குப் போக வேண்டிய படம் நேராகக் கீழே இறங்க வேண்டியதுதானே? இறங்கவில்லை. வலது பக்கம் ஒதுங்குகிறது, விலைகளின் ஓரமாக ஊர்கிறது, அப்புறம் அடியில் போய் இடது பக்கம் திரும்புகிறது. லெவுக்காவிலிருந்து நடோவி துறைக்கு வர வேண்டிய கப்பல் வனுவா லெவு தீவையே சுற்றிக்கொண்டு வந்தால் கேப்டன் எதையோ கடத்துகிறான் என்றுதான் அர்த்தம்.

பழைய பாடங்களையும் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவதிலும் அதே சுற்று, ஏழாவதிலும் அதே சுற்று. ஒவ்வொரு முறையும் நீ தவிர்ப்பது கீழ் இடது மூலைக்கு மேலே உள்ள அதே இடத்தை.

நவுசோரி லுகேயின் ஆள் போன வாரம் உன் வீட்டில் யங்கோனா வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்ததாகக் கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். லுகேயும் என்னைப் போல மொத்த வியாபாரி. அவனும் கிராமத்துக் கடைகளைப் பிடிக்கப் பார்க்கிறான். அவன் பெயர் என் பக்கத்தின் மூலையில் எங்காவது ஒளிந்து கிடக்கிறதா?

இருபதாம் தேதி நைவிரி கரைப் பெண்கள் சங்கம் கூடுகிறது. பதினான்கு கடைகள். பாடம் அவர்களுக்குப் பிடித்தால் அத்தனை கடையும் என்னிடம் சரக்கு எடுக்கும், பிடிக்காவிட்டால் லுகேயிடம் போகும். புதுக் கிடங்கை அவர்களை நம்பித்தான் எடுத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

வெட்டாத, நெருக்காத முழுப் பதிவை அடுத்த கப்பலில் அனுப்பு.

அபெனிசா

*

லெவுக்கா, மார்ச் 8

அன்புள்ள மச்சானுக்கு (வாசித்துக் காட்டும் வசெமாதாவுக்கும் வணக்கம்),

கடத்தல்காரன் எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டதால் சொல்கிறேன். ஓபிஎஸ் என்ற மென்பொருள் திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்கிறது. அந்தப் பதிவைக் கேடென்லைவ் என்ற இன்னொன்றில் போட்டு, அளவையும் இடத்தையும் மாற்றுகிற விளைவை அதன்மேல் இழுத்து விட்டால் படத்தைச் சுற்றி ஒரு சட்டம் வரும். நேரக்கோட்டில் ஒரு புள்ளி வைத்து, ‘இங்கே முழுத்திரை’ என்கிறேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்து, படத்தைப் பெரிதாக்கி, அரிசி நடுவில் வரும்படி இழுத்து வைக்கிறேன். நடுவில் உள்ள தூரத்தை மென்பொருள் தானே நடந்துவிடும். புள்ளிகள் நெருங்கி இருந்தால் படம் பாய்ந்து பார்ப்பவளுக்குத் தலை சுற்றும். தள்ளிப் போனால் கொட்டாவி விடுவாள். இரண்டு மென்பொருளும் இலவசம். உன் காசும் போகவில்லை, நான் திருடவும் இல்லை.

ஆகவே படம் சுற்றிப் போவது பிழையல்ல. அங்கே புள்ளி வைத்தவன் நான்தான், வேண்டுமென்றேதான் வைத்தேன். ஏன் என்பதை எழுத முடியாது. இங்கே இந்தத் தாளைத் தபாலில் சேர்க்குமுன் உனாய்சி வாசிப்பாள். அவள் எனக்கு மனைவி, உனக்கு முறைக்குத் தங்கை. அங்கே வசெமாதா வாசிப்பாள். இருவருமே நைவிரி கரைக்காரிகள். இதற்கு மேல் தாளில் ஒரு வார்த்தை வராது.

அதனால்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். பலமுறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? “என் பட்டியல்ல கை வெக்காதே, நான் விக்கிற சரக்கு எனக்குத் தெரியும்” என்றாய். எந்த வரி என்றுகூடக் கேட்கவில்லை. எடுக்கக் கூடாது என்றால் காட்டாமல் போவதுதானே வழி. அந்த இடத்தை மங்கலாக்கலாம், அதற்கும் வசதி இருக்கிறது. ஆனால் மங்கலாக்கினால் எல்லோரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

லுகேயின் ஆள் வந்தது உண்மை. லேப்டாப் சார்ஜர் வேண்டும், கெரெகெரே என்று கேட்டான். அப்படி உறவு உரிமை சொல்லிக் கேட்டவனிடம் இல்லை என்று சொல்ல நான் என்ன சுவா வியாபாரியா?

முழுப் பதிவை அனுப்ப மாட்டேன்.

கமினியெலி

*

சுவா, மார்ச் 11

கமினியெலிக்கு,

மச்சான் என்று இந்த முறை போடவில்லை, கவனித்துக்கொள்.

தொலைபேசியை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. வாய்ப்பேச்சை நம்பிக் கெட்டவன் நான். சொல்ல இருப்பதை எழுது. எழுத முடியாத காரணம் நல்ல காரணமாக இருக்க முடியாது.

நான் சுவா சந்தை வாசலில் சேப்பங்கீரைக் கட்டு விற்று மேலே வந்தவன். வாடிய இலையை நடுவில் வைத்து, பச்சை இலையை மேலே சுற்றி எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும். கட்டியும் இருக்கிறேன். புள்ளி, சட்டம் என்று நீ இவ்வளவு விளக்கினாயே, எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நல்ல இலையை நெருக்கிக் காட்டுவது, வாடியதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது. கீரைக்காரனிடமே கீரைக் கட்டா?

உன் மனைவி நைவிரிக்காரி. என் எழுத்தர் நைவிரிக்காரி. நான் விற்கப் போவதும் நைவிரிக்கு. எல்லாம் ஒரே கரையாக இருப்பது இத்தனை நாள் எனக்கு வசதியாகத் தெரிந்தது. உன் கடிதத்துக்குப் பிறகு வேறு மாதிரி தெரிகிறது. நேற்று வசெமாதாவிடமே கேட்டேன்.

“நீயும் அவனும் சேந்து என்னத்த ஒளிக்கிறீங்க?”

“நான் என்னத்த ஒளிக்கிறேன் முதலாளி? சோத்து டப்பாவத் தொறந்து பாருங்க, மரவள்ளிக் கெழங்குதான் இருக்கு.”

“அவன் ஏன் உன் பேரைக் கடுதாசில இழுக்கிறான்?”

“அதை அவரையே கேளுங்க. நான் வாசிக்கிறவ. எழுதினவ இல்ல.”

(இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவைக் கீழே வைத்தாள். எழுது என்றேன். எழுதுகிறாள். முகத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறாள்.)

சரி, இப்போது கேட்கிறேன்: எந்த வரி?

பதினெட்டாம் தேதிக்குள் முழுப் பதிவு என் மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் பாடம் செய்ய இங்கே சுவாவில் எத்தனையோ பையன்கள் இருக்கிறார்கள். மென்பொருள் இலவசம் என்று நீயே சொல்லிவிட்டாய்.

அபெனிசா

*

லெவுக்கா, மார்ச் 15

அபெனிசாவுக்கு,

யூஎஸ்பி நினைவுக்குச்சி உறைக்குள் இருக்கிறது. எட்டாவது பாடத்தின் முழுப் பதிவு, முதலிலிருந்து கடைசி வரை, நான் எங்கும் தொடாமல்.

எந்த வரி என்று எழுத மாட்டேன். ஆனால் மூன்று காரியம் கேட்கிறேன். தனியாக உட்கார்ந்து பார். வசெமாதா பக்கத்தில் இருக்க வேண்டாம், அவளை எதையும் வாசிக்கச் சொல்லவும் வேண்டாம். சங்கக் கூட்டத்துக்கு இந்தக் குச்சியைக் கொண்டு போகாதே, நான் செய்த பாடத்தை மட்டும் போடு. கண்ணாடி வந்ததும் கீழ் இடது பக்கம் உள்ள வரிகளை உன் கண்ணாலேயே பார். வாயைத் திறக்காமல் பார்.

வேலையை எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடு. அந்தப் பையன்கள் நேராகத்தான் இறக்குவார்கள்.

உனாய்சி இதை வாசித்துவிட்டு, “என்ன வரி? எனக்காவது சொல்லலாம்ல?” என்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை.

கமினியெலி

*

சுவா, மார்ச் 22

கமினியெலிக்கு,

இது என் கையெழுத்து. கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வசெமாதா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. கண்ணாடி நேற்று மாலை வந்தது. வந்தும் என்ன பயன்?

நைவிரி போச்சு என்று நினைக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். குச்சியைத் தனியாகப் பார்த்தேன். மேசைக் கணினியில் எல்லாம் புகைமூட்டம், ஒரு வரியும் பிடிபடவில்லை. கொண்டு போகாதே என்று நீ எழுதியதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருவன் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டு போகாதே என்றால் அதன் விலை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறான். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வசெமாதாவும் கூட வந்தாள். அவள் ஊர்தானே.

சங்க மண்டபத்தில் நல்ல கூட்டம். பெண்கள் பாயில், அவர்களுடைய அண்ணன் தம்பிகள் பின்னால் கதவோரம். சுவரில் வெள்ளைத் துணி கட்டி உன் பாடத்தைப் போட்டோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் பிடித்திருந்தது. கடைசி வரிசைக் கிழவிகூட விலையை வாய்விட்டுச் சொன்னாள். அப்போது சங்கத் தலைவி மெரெவலேசி கேட்டாள்:

“ஐயா, படம் ஏன் திடீர்னு வலது பக்கம் ஓடுது? நாய் தொரத்துதா?”

மண்டபமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. இவர்களும் கவனித்துவிட்டார்கள், இனி மூடினால் நானும் கூட்டு என்று நினைப்பார்கள் என்று பட்டது. எழுந்து நின்றேன்.

“என் கடையில ஒளிவு மறைவு கெடையாதும்மா. முழுசாவே பாருங்க” என்று சொல்லிக் குச்சியைச் செருகினேன். துணியில் எழுத்து என் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. வாரக்கணக்கில் வாசிக்காதவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் பார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தேன். அரிசி, மாவு, சர்க்கரை, டின் மீன். லுகேயின் பெயர் எங்கும் இல்லை. டின் மீனுக்கு அடுத்தது, லாவுத் தீவுகளிலிருந்து நமக்கு வருகிற அந்தக் குளிர்பெட்டி மீன். அதையும் வாசித்தேன். வியாபாரி வாய் சும்மா இருக்குமா? “பெருசு, புத்தம் புதுசு, ஒவ்வொண்ணையும் நானே கையால தொட்டுப் பாத்துத்தான் அனுப்புறேன்” என்றேன்.

ஒரு சத்தமும் இல்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்க ஒரு முறை சொன்னேன்.

கதவோரம் நின்ற ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போய்விட்டார்கள். பெண்கள் தலையைக் குனிந்தார்கள். ஒரு கிழவி பாவாடைத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது, அழுதாளோ சிரித்தாளோ தெரியாது. மெரெவலேசி போய்ச் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

“ஐயா, வண்டி நிக்குது. ஏறுங்க.”

“நான் என்னம்மா சொன்னேன்?”

“ஏறுங்கன்னேன்.”

வசெமாதா அவள் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது இங்கே கடிதம் வாசிப்பது நான் மட்டும்தான். எழுது. அந்த வரி அதுதானா? மீனில் என்ன இருக்கிறது? இல்லை, இதுவும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு வைத்த வலையா? இன்னும் முழுதாக உன்னை நம்பவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அபெனிசா

*

லெவுக்கா, மார்ச் 25

என் அருமை மச்சானுக்கு,

மச்சான் என்று நான் போடுகிறேன். இப்போது உன்னைக் கேலி செய்ய எனக்கு முழு உரிமை வேண்டும்.

இந்தத் தாளை உனாய்சி பார்க்கவில்லை. நானே துறைக்குப் போய்க் கப்பல்காரனிடம் கொடுத்தேன்.

நைவிரிக்காரர்களுக்குக் குலமீன் ஒன்று உண்டு. உன் குளிர்பெட்டியில் கிலோ கணக்கில் கிடக்கிறதே, அதுதான். சுவாவில் அது வெறும் மீன். அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கும் இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால், பெண்களின் இடுப்புக்குக் கீழே உள்ளதைச் சொன்னதாக அர்த்தம். அண்ணன் தங்கை இருக்கும் இடத்தில் சொன்னால் அண்ணன் எழுந்து போக வேண்டும், வேறு வழியில்லை. நீ அதைச் சொல்லி, பெரிசு என்று சொல்லி, கையால் தொட்டுப் பார்த்து அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறாய். இரண்டு முறை.

இதை நான் எப்படி எழுதியிருக்க முடியும்? எழுதினால் வசெமாதா உனக்கு உரக்க வாசிக்க வேண்டும். என் வீட்டில் உனாய்சி, முறைக்கு உன் தங்கை, அண்ணனுக்குப் போகும் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்க்க வேண்டும். எனக்குச் சோறு கிடைக்காது என்பதை விடு, அவள் உன் வாசலில் பிறகு கால் வைத்திருப்பாளா?

கடையில் வசெமாதா இரண்டு வருடமாகப் பட்டியல் வாசிக்கிறாளே, அந்த வரி வந்தால் என்ன செய்வாள் என்று கவனித்திருக்கிறாயா? இருமுவாள். நீ அவளுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்ததாக அவளே உனாய்சியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எந்த வரிக்கு இருமல் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு நைவிரிக்காரி சொல்லக் கூசும் வரி உன் பட்டியலில் அந்த மீன் ஒன்றுதான் என்று எனக்கு அதிலிருந்துதான் பிடிபட்டது.

என்னிடம் கேள்வி கேட்டது போதும். சனிக்கிழமை நைவிரிக்குப் போ. நல்ல யங்கோனா வேர்க்கட்டு ஒன்று கொண்டு போ, உன் கடைச் சரக்கில் மட்டமானது வேண்டாம். உட்கார்ந்து, தலை குனிந்து, தவறு என்று சொல். எது தவறு என்று சொல்லாதே. தண்டம் போடுவார்கள், பெரும்பாலும் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். பேரம் பேசாதே. நான் கூட வர மாட்டேன். அங்கே நான் மாப்பிள்ளை, என்னையும் சேர்த்துக் குடிக்க வைப்பார்கள்.

உன் சந்தேகத்துக்குக் கணக்காகச் சொல்கிறேன்: நான் மறைத்தது உண்மைதான். உன்னிடமிருந்து அல்ல, உனக்காக.

கமினியெலி

*

சுவா, மார்ச் 30

மச்சான் கமினியெலிக்கு,

போய் வந்தேன். வயிறு இன்னும் தளும்புகிறது.

மண்டபத்து வாசலில் மெரெவலேசி என்னைப் பார்த்ததுமே உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்: “ஏ பொண்ணுங்களா, மீன்காரர் வந்துட்டாரு, காதைப் பொத்துங்க!”

அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. வேர்க்கட்டை வைத்தேன், தலை குனிந்தேன், நீ சொன்னபடியே சொன்னேன். கிழவிகள் கூடிப் பேசினார்கள். பிறகு தண்ணீர் வந்தது. குவளையில் இல்லை, வாளியோடு.

“இவ்ளோவாம்மா?” என்றேன்.

“ஒரு தடவ சொன்னா அரை வாளி ஐயா. நீங்க ரெண்டு தடவ சொன்னீங்க.”

குடித்தேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால், “குடிங்க குடிங்க, புத்தம் புதுசு, நாங்களே கையால தொட்டுப் பாத்தோம்” என்று என் வியாபாரப் பேச்சையே எனக்குத் திருப்பி விற்றாள் அந்த முகம் மூடிய கிழவி. ஆண்கள் யாரையும் உள்ளே விடவில்லை, அந்த மட்டில் மரியாதை செய்தார்கள். வாளி காலியானதும் மெரெவலேசி பாயை இழுத்துப் போட்டு, “இப்ப வியாபாரம் பேசலாம்” என்றாள். தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பவனிடம் விலை பேசினால் எவ்வளவு குறைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைவிடப் பெரிய வியாபாரி.

வசெமாதா திங்கள் முதல் வருகிறாள். சும்மா வரவில்லை, அவளும் பேசித்தான் வருகிறாள்.

ஒன்று மட்டும் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. லுகே அதே மீனை நைவிரிக்கு அனுப்பிய பட்டியலில் எப்படிப் போட்டிருக்கிறான் என்று மெரெவலேசியிடம் வாங்கிப் பார்த்தேன். ‘சிவப்பு மீன்’ என்று போட்டிருக்கிறான். நவுசோரியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதை யார் சொன்னது? யங்கோனா குடிக்கும்போது ஆண்கள் மட்டும்தானே இருந்திருப்பீர்கள், அங்கே எதையும் பேசலாம். சார்ஜர் கேட்டவனுக்கு நீ வேறு என்ன கொடுத்தாய்? பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் உன் கடிதத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துத்தான் வாசிப்பேன், நான் அப்படித்தான்.

ஆனால் நீ போட்ட அந்தச் சுற்றுப்பாதை இல்லாமல் நைவிரிக்கு ஒரு பாடமும் இனிப் போக முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சுவாவில் ஒரு பையனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அழகாக நெருக்கினான், அழகாக நகர்த்தினான், நேராக அந்த வரியின் மேலேயே கொண்டு போய் நிறுத்தினான்.

நைவிரியில் பேசி முடித்ததும் உனக்கு நான் ஒப்புக்கொள்வதும் இவை. நைவிரியின் பதினான்கு கடைகளும் ஒரு வருடம் என்னிடம்தான் எடுக்கும். துறை வரை ஏற்றுக்கூலி என்னுடையது. எந்தப் பட்டியலும் வசெமாதா பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வெளியே போகும், அவள் அடித்த வரியை ஏன் என்று நான் கேட்கக் கூடாது. முழுப் பதிவுகள் உன்னிடமே இருக்கும், நான் கேட்க மாட்டேன். நீ கூப்பிட்டால் தொலைபேசியை எடுப்பேன். பாடம் ஒன்றுக்கு அறுபது டாலர். படம் சுற்றிப் போகும் பாடத்துக்கு எழுபத்தைந்து.

அபெனிசா